இரண்டு பல் உயரம்

டாக்டர் ரத்தினவேலின் மோரிஸ் மைனர் கார் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விடுபட்டு நாகராசுவின் பட்டறைக்கு வந்தபோது, அதன் முன்பக்கம் இன்னும் நிமிர்ந்தேதான் இருந்தது. ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வாரக்கணக்கில் நின்றதில் கூரையெல்லாம் சருகும் காக்கை எச்சமும். பம்பரின் இடது கோடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. அதைத் தவிர, அந்த வண்டியால் ஒரு மனிதன் செத்துப்போனான் என்பதற்கு வெளியே அடையாளம் எதுவும் இல்லை.

கூடவே டாக்டரின் கம்பவுண்டர் வந்திருந்தார். முன்பக்கத்தைப் பழையபடி இறக்கிவிட வேண்டும், இந்த வாரமே வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியதாகச் சொன்னார். நாகராசு தலையை ஆட்டினான். அவர் போன பிறகும் வண்டிக்கு அடியில் ஜாக்கியைக் கொண்டுபோகவில்லை. பட்டறையின் ஓரமாக அதை நிறுத்திவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போனான்.

முன்பக்கத்தை ஏற்றியவனும் அவன்தான். அது 1959 மாசி மாதம். நார்த்தாமலைக்குப் பின்னால் இருக்கிற ஊர்களுக்குத் திருச்சி ரோட்டை விட்டு இறங்கிப் போக வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரங்கள் அறுத்து அறுத்து இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் கல்லும் சரளையுமாக ஒரு முதுகு எழும்பியிருக்கும் பாதை. டாக்டர் வாரத்தில் பாதி நாள் அந்தப் பக்கம் பிரசவம், காய்ச்சல் என்று போகிறவர். கார் எட்டு வருடத்துப் பழையது, முன்பக்கம் அமர்ந்துபோயிருந்தது. ஒருமுறை நடுமுதுகில் மோதி என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி கிழிந்து, அவர் இருட்டில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்தை உயர்த்தித் தரும்படி நாகராசுவிடம் கேட்டார்.

அந்தக் காருக்கு முன்பக்கத்தில் சுருள்வில்லும் கிடையாது, பட்டைவில்லும் கிடையாது. இரண்டு பக்கமும் சக்கரத்தின் அருகிலிருந்து பின்னோக்கி, தரைத்தகட்டுக்கு அடியில், கிட்டத்தட்ட ஆள் நீளத்துக்கு ஒவ்வோர் எஃகுக் கம்பி போகிறது. சக்கரம் எழும்பும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குத்தான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. கம்பியின் பின்முனையில் சுற்றிலும் பல் வெட்டியிருக்கும். அதைக் கவ்விய பிடியிலிருந்து உருவி ஒரு பல் தள்ளி மாட்டினால், வண்டியின் முகம் இரண்டு விரற்கடை உயரும். ஒரு பல் போதும் என்று நாகராசு சொன்னான். அந்தப் பாதையின் கற்களைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டாய், இரண்டாகவே செய்துவிடு என்றார் டாக்டர். நாகராசு இரண்டு பல் ஏற்றினான்.

வண்டியின் முகம் நிமிர்ந்தால் அதன் விளக்கும் நிமிரும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். நாகராசுவின் பட்டறைக்கு எதிரே ஒரு நெல் கோடவுனின் வெள்ளைச் சுவர். அதில் கரித்துண்டால் போட்ட இரண்டு பெருக்கல் குறிகள் உண்டு. தரையில் பதித்த செங்கல் வரிசையில் முன்சக்கரங்களை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஒளியின் நடு அந்தக் குறிகளில் விழும்வரை விளக்குக்குள் இருக்கும் திருகுகளைத் திருப்புவான். பொழுது சாய்ந்தால்தான் சுவரில் ஒளி தெரியும். அதனால் விளக்கு வேலை எப்போதும் சாயங்கால வேலை. பகலிலேயே முடிக்க வேண்டுமென்றால் பெரிய தார்ப்பாயை இழுத்துக் கட்டி இருட்டாக்க வேண்டும். அன்றைக்குத் தார்ப்பாய் ஒரு பஸ் என்ஜினை மூடிக் கிடந்தது. அதை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

நண்பகலில் வண்டி தயாராகிவிட்டது. டாக்டரின் டிரைவர் மரிய அந்தோணி வந்து சாவியை வாங்கிக்கொண்டான். ஆவூர்க்காரன், முப்பது வயது இருக்கும். நாகராசு கையைத் துடைத்துக்கொண்டே அவனிடம், "சாயங்காலம் இங்கிட்டு வா அந்தோணி, லைட்டைப் பாத்துருவோம்" என்றான். இருட்டிய பிறகு வண்டியை ரோட்டில் எடுக்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. அந்தோணி சரி என்று போனான்.

அன்று பிற்பகலில் நார்த்தாமலைக்குப் பின்னால் ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தது. குறுக்குப் பிரசவம். டாக்டரும் அந்தோணியும் கிளம்பிப் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் டாக்டர், ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து டவுனில் தன் அலமாரியில் இருப்பதைச் சொல்லி, எடுத்துவரும்படி அந்தோணியை மட்டும் அனுப்பினார். அவன் மலைப்பாதையைக் கடந்து திருச்சி ரோட்டில் ஏறிப் புதுக்கோட்டையை நோக்கி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வழியில் செங்கரைப்பட்டி. அந்த இடத்தில் ரோட்டின் மேல் கொள்ளு காய்ந்துகொண்டிருந்தது.

மாசியில் அந்தப் பக்கத்துத் தார் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேரோடு பிடுங்கிய கொள்ளுச்செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் காரும் ஏறிப்போக, காய் உடைந்து மணி உதிரும். மிதித்து மணி பிரிக்கும் பிணையலுக்கு மாடு இல்லாதவர்களுக்கு ரோடுதான் களம். டிரைவர்களில் சிலர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். மரிய அந்தோணி ஒதுங்கமாட்டான். அவனும் கொள்ளு விதைக்கிற வீட்டுப் பையன். செடியைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிப்பான். புரட்டிக்கொண்டிருப்பவர்கள் ஓரம் போனதும் மேலே ஏற்றிப் போய், நேரமிருந்தால் பின்னுக்கு வந்து இன்னொரு முறை ஏற்றுவான். செங்கரைப்பட்டியில் அந்த வண்டியை எல்லாருக்கும் தெரியும். முந்தின வருடம் அடைக்கலம் என்கிற விவசாயி வண்டியை நிறுத்தி, ஒரு படி கொள்ளை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். "ஒன் சக்கரத்துக்குக் கூலி" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அன்றைக்குச் செடியை வாரும் நேரம். அடைக்கலத்தின் மனைவி செவந்தி கூடை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் பகல் முழுவதும் புரட்டிய அலுப்பில், வெயில் குடித்த தாரின் சூடு இருக்கிறதே என்று செடியின் மேலேயே படுத்து, பனிக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருக்கிறான். கார் வேகம் குறையாமல் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. செவந்தி குளத்துக் கரைமேல் திரும்பி வந்துகொண்டிருக்கும்போதே அது நடந்துவிட்டது.

அந்தோணி வண்டியை நிறுத்தி ஓடிவந்தான். அவனும் செவந்தியுமாக அடைக்கலத்தைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். டவுன் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்கு முன்பே அவன் உயிர், மனைவியின் மடியில், போய்விட்டது. மலைக்குப் பின்னால் பிரசவித்த பெண் அந்த ஊசிமருந்து இல்லாமலேயே பிழைத்துக்கொண்டாள்.

அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, ஸ்டேஷன் முற்றத்தில் வண்டியைச் சோதித்தார். உச்சி வெயில் நேரம். பிரேக் பிடித்தது. ஹாரன் ஒலித்தது. விளக்கின் முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார், எரிந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அவர் செய்ததில் தவறு என்று எதுவும் இல்லை. விளக்கு எரிகிறதா என்பதுதான் கேள்வி. எங்கே விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மதுவிலக்கு நடக்கிற காலம். ஆவூர்க்காரன் மாதா கோயில் திராட்சரசம் என்று எதையோ குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான் என்று செங்கரைப்பட்டியில் பேச்சு. வக்கீல் வேறு யோசனை சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் முதல் தடவை என்று அபராதத்தோடு விட்டாலும் விடுவார்கள், அதை டாக்டர் கட்டிவிடுவார் என்றார். எதிர்த்து நின்று தோற்றால் ஜெயிலுக்குப் போக நேரும். இரண்டில் எதுவானாலும் லைசென்ஸ் போய்விடும். ஜாமீனில் வெளியே இருந்த அந்தோணி ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டான்.

கார் பட்டறைக்கு வந்த அன்று சாயங்காலம், ஆட்கள் போன பிறகு, நாகராசு அதைச் செங்கல் வரிசைக்குத் தள்ளிக்கொண்டுபோய் விளக்கைப் போட்டான். சுவரில் கரிக்குறிகள் இருந்த இடம் இருட்டாகவே கிடந்தது. ஒளி அதற்கு மேலே, சுவரின் உச்சியையும் தாண்டி, கோடவுன் ஓட்டுக்கூரையின் விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தது. ஓட்டுக்குள்ளிருந்து இரண்டு புறாக்கள் வெளியே வந்து பார்த்தன. அவன் விளக்கை அணைத்தான்.

விபத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்தே அவனுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. ரோட்டில் படுத்தவனை யார் காப்பாற்ற முடியும் என்று தனக்குத்தானே சொல்லி வந்தான். டாக்டர் சொன்னபடி முன்பக்கத்தை இறக்கிவிட்டால், அந்தச் சுவரில் ஒளி எங்கே விழுந்தது என்பது அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததாகப் போய்விடும். அரைநாள் வேலை.

மறுநாள் காலையில் வியாகுலமேரி வந்தாள். மரிய அந்தோணியின் மனைவி. ஆவூரிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்திருந்தாள். பட்டறைக்குள் வராமல், வாசலில் நின்றே காரைப் பார்த்தாள்.

"எறக்கிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றான்.

"சாயங்காலம் வரச் சொன்னீங்களாம். அவுக என்கிட்ட மட்டும் சொன்னாக. வக்கீல்கிட்டயும் சொல்லல. அவருக்குப் பட்டறை இருக்கு, பேரு கெட்டா யாரு வண்டி விடுவா, போகாம விட்டது நானுதானேங்குறாக." அவள் குரல் உயரவில்லை. "அவுகளுக்கு ஜெயிலு பெருசா தெரியல. அந்தச் செவந்தி இருக்காள்ல, அவ, பாத்துக்கிட்டேதான் ஏத்துனான்னு சொல்றா. அதைத்தான் தாங்க முடியல. ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காக."

ஸ்டேஷனில் வேறு யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று நாகராசு கேட்டான். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். அடைக்கலத்தைத் தூக்கும்போது செவந்தி, மரமெல்லாம் வெளிச்சம் அடிக்கவும் லாரி எங்கேயோ மேட்டில் வருது என்றல்லவா நினைத்தேன் என்று அழுதாளாம். அந்தோணியின் காதில் அது விழுந்திருக்கிறது. ஸ்டேஷனில் செவந்தியை யாரும் அதைக் கேட்கவில்லை. அவளும் பிறகு சொல்லவில்லை.

நாகராசு சட்டையை மாற்றிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனான்.

டாக்டர் ரத்தினவேல் நோயாளிகளை அனுப்பிவிட்டு, அவன் சொன்னதை முழுவதும் கேட்டார். விளக்கு ஓட்டில் விழுகிறது, வண்டியை இறக்கினால் அது போய்விடும், அதனால் இறக்கவில்லை என்று நாகராசு சொன்னான். டாக்டர் மேசைமேல் இருந்த இதயம் பார்க்கும் குழாயைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார்.

"அன்னைக்குக் கிளம்பும்போது அவன் சொன்னான்" என்றார் கடைசியில். "லைட்டு பாக்கணும், நாகராசண்ணன் சாயங்காலம் வரச் சொன்னாருன்னு. போயிட்டு வந்து பாத்துக்கலாம், ஏறுன்னேன் நான். அங்க ஒருத்தி ரத்தத்துல கெடக்கா. இன்னைக்குன்னாலும் அதைத்தான் சொல்வேன்." குழாயை மேசையில் வைத்தார். "அதை யாரும் என்கிட்ட கேக்கல. நானும் சொல்லல. வண்டிய எறக்கிட்டா அந்தப் பேச்சே இல்லாமப் போயிரும்னு நெனச்சேன்."

அப்படியானால் வண்டியை என்ன செய்வது என்று நாகராசு கேட்டான்.

"எறக்காதே" என்றார் டாக்டர். "கேட்டா நானும் சொல்றேன்."

நாகராசு போய்ச் சொன்னபோது வக்கீல் அவ்வளவு சுலபமாக மகிழ்ந்துவிடவில்லை. வண்டி இப்போது உங்கள் பட்டறையில் இருக்கிறது, விளக்கை நேற்றுத்தான் திருப்பி வைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால் முடிந்தது என்றார். டிரைவரும் முதலாளியும் மெக்கானிக்கும் சொல்வது ஒரு பக்கத்துப் பேச்சு. அன்றைக்கு வெளிச்சம் எங்கே விழுந்தது என்று, அங்கே நின்று பார்த்த ஆள் சொல்ல வேண்டும். அங்கே நின்றவள் ஒருத்திதான். அவள் அரசுத் தரப்புச் சாட்சி. அவளைக் கூப்பிட்டு இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுத்தால் அது வேறு குற்றம் என்றும் எச்சரித்தார்.

"சொல்லிக் குடுக்கல" என்றான் நாகராசு. "நான் செஞ்சதை அந்தப் பொம்பளைக்கிட்டச் சொல்லணும். அவ்வளவுதான்."

பங்குனியில் ஒரு நாள் பிற்பகலில் அவன் காரை எடுத்துக்கொண்டு செங்கரைப்பட்டிக்குப் போனான். வியாகுலமேரி பின்சீட்டில் இருந்தாள். வராதே என்று சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. ரோட்டோரப் புளியமரங்களுக்கு அப்பால், கரையை ஒட்டி, அடைக்கலத்தின் வீடு. வண்டியைப் பார்த்ததும் வாசலில் இருந்த செவந்தி எழுந்து நின்றாள். அவள் கொழுந்தன் மதுரைவீரன் உள்ளேயிருந்து வந்தான்.

"இந்த வண்டிய இந்த ஊருக்குள்ள கொண்டாரதுக்கு ஒனக்கு என்ன தெகிரியம்?" என்றான் அவன். "இதுலயும் சாராய வாடை அடிக்குதா, பாக்கணுமா?"

செவந்தி அவனைக் கையால் அமர்த்தினாள். "அவன் குடிக்கல" என்றாள். "தலைமாட்டுல ஒக்காந்து டவுனு வரைக்கும் வந்தவ நான். குடிச்சிருந்தாக்கூட, போட்டும்னு விட்டிருப்பேன். தெளிஞ்ச புத்தியோட வந்தான். தெனமும் ஆரன் அடிக்கிறவன் அன்னைக்கு அடிக்கல. அவனுக்கு அவசரம். எங்க மேல ஏத்திட்டுப் போறது அவனுக்கு ஒண்ணுமில்ல."

நாகராசு தான் யார் என்று சொன்னான். இரண்டு பல் ஏற்றியதையும், விளக்கைப் பார்க்காமல் விட்டதையும், இருட்டில் ஓட்டாதே என்று சொல்லாததையும் சொன்னான். தார்ப்பாய் பஸ் என்ஜின்மேல் கிடந்ததைக்கூடச் சொன்னான். சொல்லச் சொல்ல, அவை எவ்வளவு சிறிய காரியங்கள் என்று அவனுக்கே கேட்டது.

செவந்தி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப எம் புருசன் செத்தது ஒரு தார்ப்பாயாலங்குறே" என்றாள்.



"பொழைக்கிறதுக்குச் சொல்ற பேச்சு, அண்ணி" என்றான் மதுரைவீரன். "அவனைக் காப்பாத்த இவனுக எல்லாம் ஒண்ணு கூடிட்டானுக."

"அப்படியும் இருக்கும்" என்றாள் அவள். வியாகுலமேரி காரின் மறுபக்கம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். யார் என்று கேட்கவில்லை, தெரிந்திருக்க வேண்டும். பிறகு நாகராசுவிடம், "வாயால சொன்னது போதும். பொழுது எறங்கட்டும். எனக்குக் காட்டு" என்றாள்.

காத்திருந்தார்கள். மேற்கே மலையின் பாறை முதுகு கறுத்துக்கொண்டு வரும்போது, செவந்தி வீட்டோரப் போரிலிருந்து, மணி உதிர்ந்த கொள்ளுச்சக்கையை ஒரு சுமை உருவித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். அந்த இடத்தை அவள் தேடவில்லை. சுமையை இறக்கி, களத்தில் பரப்புகிற மாதிரியே கையால் உதறிப் பரப்பினாள். மதுரைவீரன் அரிக்கன் விளக்கோடு வளைவுக்குப் போய் நின்றுகொண்டான். பஸ்ஸோ லாரியோ வந்தால் நிறுத்துவதற்கு.

நாகராசு காரைக் கொஞ்ச தூரம் பின்னால், கீரனூர்ப் பக்கமாகக் கொண்டுபோய், அன்று அது வந்தது போலவே டவுனை நோக்கி நிறுத்தினான். செவந்தி டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் ஸ்டியரிங்கை எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வியாகுலமேரி பின்னால் ஏறினாள். அடைக்கலம் கடைசியாகப் படுத்து வந்த சீட்டு அது. இருவரும் அதை அறிந்திருந்தார்கள். நாகராசு விளக்கின் விசையைச் செவந்திக்குக் காட்டினான். நான் கையைத் தூக்கியதும் இதை இழுங்கள் என்றான். பிறகு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தான்.

தாரில் இன்னும் சூடு இருந்தது. சக்கைமேல் மல்லாந்து படுத்து, கையைத் தூக்கிவிட்டு, சாக்கை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டான். விளக்கு எரிந்தது. அது அவனுக்கு மேலே போயிற்று. கூரை போட்டது போல ஒளி மேலே நின்றது. அதற்குக் கீழே அவன் கிடந்த இடம் இன்னும் இருட்டிவிட்டது. புளியமரத்தின் கிளைகள் அடிப்பக்கம் வரை பச்சையாகத் தெரிந்தன. அடைந்திருந்த கொக்குகள் ஒன்றிரண்டு கலைந்து எழுந்தன. அடைக்கலம் கண் விழித்திருந்தால், கடைசியாகப் பார்த்திருக்கக்கூடியது இதுதான் என்று நாகராசு நினைத்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

காருக்குள் செவந்தி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். மரம் தெரிந்தது. மரத்தின் கிளை ஒவ்வொன்றும் தெரிந்தது. அவளே பரப்பிய சக்கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. படுத்திருக்கும் ஆள் தெரியவில்லை. அங்கே ஓர் ஆள் கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், அப்படியும் தெரியவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"ஒனக்குத் தெரியுதா?"

"தெரியலக்கா" என்றாள் வியாகுலமேரி.

செவந்தி கதவைத் திறந்து இறங்கி ரோட்டில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டாள். இதற்கு மேல் கால் வைத்தால் மிதித்துவிடுவோமோ என்று பயந்தவளைப் போல நின்றாள்.

"எங்கிட்டு இருக்கே?" என்று கூப்பிட்டாள். "எந்திரிய்யா. போதும், எந்திரி."

நாகராசு எழுந்து உட்கார்ந்தான். அவன் தலை ஒளிக்குள் வந்தபோது அவள் ஒரு முறை மூச்சை இழுத்தாள். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வியாகுலமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. வளைவில் மதுரைவீரனின் விளக்கு ஆடாமல் நின்றிருந்தது.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு செவந்தி சொன்னாள். "கோர்ட்டுல கேட்டா, மரத்துல வெளிச்சம் அடிச்சதைச் சொல்வேன். ஆரன் அடிக்காததையும் சொல்வேன். லைட்டைப் பாக்காம வண்டிய விட்ட ஒன்னையும் சொல்வேன். ஒண்ணையும் விடமாட்டேன்."

"சொல்லு ஆத்தா" என்றான் நாகராசு.

அவள் கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் கேட்காததையும் சொன்னாள். மாஜிஸ்திரேட் பிரேக் இன்ஸ்பெக்டரை மறுபடி வரவழைத்து, பொழுது சாய்ந்த பிறகு வண்டியைச் சோதிக்கச் சொன்னார். அவரும் வந்து, விளக்கு எங்கே விழுகிறது என்பதை இந்த முறை எழுதினார். டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, விளக்கைப் பார்க்க விடாமல் வண்டியை எடுக்கச் சொன்னது தான்தான் என்றார். நாகராசுவை மாஜிஸ்திரேட் கடுமையாகக் கேட்டார். இரண்டு பல் ஏற்றத் தெரிந்தவனுக்கு, அதனால் என்ன ஆகும் என்று சொல்ல ஒரு வாய் இல்லையா என்றார்.  மரிய அந்தோணி, செவந்தி பேசி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. அவள் கூண்டை விட்டு இறங்கும்போது ஒருமுறை அவனைப் பார்த்தாள், அவன் கும்பிட்டான். அவன் விடுதலையானான். பட்டறைக்கு வந்துகொண்டிருந்த வண்டிகளில் சில பிறகு வரவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு டாக்டர், முன்பக்கத்தை இப்போது இறக்கலாம் என்று சொல்லியனுப்பினார். நாகராசு கம்பியை உருவி, இரண்டு பல்லையும் திருப்பி மாட்டினான். வண்டி தன் பழைய இடத்துக்கு மெல்ல அமர்ந்தது. அந்தோணி நண்பகலிலேயே வந்துவிட்டான். பொழுது சாயும்வரை நாகராசு சாவியைக் கொடுக்கவில்லை. இருவரும் செங்கல் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டியதும் ஒளியின் நடு கரிக்குறிகளில் விழுந்தது. அந்தோணி சுவர்வரை நடந்துபோய், அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

அடுத்த வருடமும் மாசி வந்தது. திருச்சி ரோட்டில் கொள்ளு பரப்பினார்கள். செங்கரைப்பட்டியை நெருங்கும்போது அந்தோணி வெகுதூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, செடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். பழையபடி செடிமேல் ஏற்றிப் போக அவனுக்குக் கால் வரவில்லை. ஒதுங்கிப் போகலாம் என்று ஸ்டியரிங்கைத் திருப்பப் போனான். புரட்டிக்கொண்டிருந்தவர்களில் செவந்தியும் இருந்தாள். அவள் அவனைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, பரப்பிய செடியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே போனாள். முடித்ததும் ஓரத்தில் ஏறி நின்று, வரலாம் என்று கையைக் காட்டினாள்.